வித்தை இறக்கத்தில் இருக்கிறது

மலையேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தையே எழுதுகிறார்கள். மூச்சு வாங்குவது ஒரு வித்தையா? வித்தை இறக்கத்தில் இருக்கிறது. அதிலும் அல்லிக்குழி மலையின் உருளைக்கல் இறக்கத்தில்.

நான் வடசென்னை கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் உழைத்து ஓய்வு பெற்றவன். விடுமுறை கிடைத்தால் திருவள்ளூர் வண்டி பிடித்து, பூண்டியைத் தாண்டிக் குடியம் குகைக்குப் போய்விடுவேன். கூட வர விரும்பியவர்களையும் அழைத்துப் போனேன். இப்போது முழங்கால் கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன். “கவலப்படாத நைனா, போன்ல கோடு போட்டு வெச்சிருக்கான், அது மேலயே நடந்துடுவோம்” என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆறுதல் சொன்னான். எங்கே போவது என்பதைக் கோடு சொல்லும். காலை எங்கே வைப்பது என்பதை யார் சொல்வது?

குடியம் குகை இருக்கும் அல்லிக்குழி மலையே உருண்டைக் கற்களால் ஆனது. டைனோசர் காலத்து வெள்ளங்கள் உருட்டிக் கொட்டிய கற்கள் மணலோடு இறுகிப் பாறையாகி நிற்கின்றன. அடிப்பாகம் தேய்ந்து உள்வாங்கியதால் மேல்பாகம் பிரம்மாண்டமான கூரையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கக் கற்கள் பிதுங்கி நிற்கும். உதிர்ந்தவை வழியெல்லாம் கிடக்கும்.

யார்டில் ஜல்லி மேல் நடந்து பழகிய கால் என்னுடையது. ஜல்லி உடைத்த கல். முனையோடு முனை கோத்துக்கொண்டு ஆளைத் தாங்கும். உருளைக்கல்லுக்கு முனை கிடையாது. ஒன்று நழுவினால் நாலு கிளம்பும்.

அதில் நடக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பக்கத்து இருளர் பெரியவர் ஒருவர். முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். நான் நடப்பதை அவர் பார்க்கவே இல்லை, சத்தத்தை மட்டும் கேட்டார். கல் ‘கடக்’ என்றால் “நில்லு” என்பார். நான் திரும்ப மேலே ஏறி அதே இடத்தை மறுபடி இறங்க வேண்டும். வெயில் ஏறினாலும் விடமாட்டார். “கல்ல பாக்காத தம்பி, அது குந்திக்கினு கீற மண்ண பாரு” என்பார். கல்லைச் சுற்றிப் புல் முளைத்திருந்தால் அது பல மழை பார்த்த கல், நம்பலாம். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தால் அது உருளும். காய்ந்த பாசி படிந்த முகம் மேலே இருந்தால் கால் வைக்கலாம். செம்மண் ஒட்டிய முகம் மேலே இருந்தால் அண்மையில் புரண்ட கல். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து விளக்கவில்லை. கேட்டுக் கேட்டு நானாகச் சேர்த்துக்கொண்டேன். கடைசிவரை ‘சபாஷ்’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ‘நில்லு’ என்று சொல்லாத நாள் வந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கு வருகிறவர்களுக்கு வளைந்து இறங்கப் பொறுமை இல்லை. நேராக வெட்டி இறங்குகிறார்கள். அந்தத் தடத்தில் புல் போகிறது, மழைத் தண்ணீர் அதையே வாய்க்காலாக்குகிறது, நூற்றாண்டாக உட்கார்ந்திருந்த கல்லெல்லாம் கிளம்பிவிடுகிறது. வழி தெரிய வேண்டுமாம், பாறையில் பெயின்ட் அம்புக்குறி வேறு. தேனடை தொங்கும் பாறைக்கடியில் சென்ட் அடித்துக்கொண்டு வந்து நின்று பாட்டுப் போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

இந்த உருளைக்கற்கள் வெறும் கல்லும் அல்ல. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்திலும், பிறகு வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் உலகத்துக்குத் தெரிந்தது. குடியம் குகையிலும் 1960களில் அகழ்ந்து கருவிகள் எடுத்தார்கள். அந்தக் கருவிகளுக்குக் கல் கொடுத்தது இதே உருளைக்கல் வகைதான். அதை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள், படித்தவர்கள்!

‘வடசென்னைக்காரனுக்கு மலை எதுக்கு?’ என்றும் கேட்டிருக்கிறார்கள். நம் எண்ணூரில் சாம்பலைச் சுமந்து கடலில் சேர்கிறதே கொசஸ்தலை, அந்த ஆற்றுப் படுகைதான் அத்திரம்பாக்கம். எங்கள் ஆற்றை மேலே போய்ப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லையா?

2024 அக்டோபரில் அரசு 40 மலைப்பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியது. குடியமும் அதில் உண்டு. அந்தந்த ஊர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள், நல்ல காரியம். பணம் கட்டிவிட்டோம் என்று அவர்களை “சீக்கிரம் போப்பா” என்று விரட்டாதீர்கள். வழிகாட்டி கால் வைத்த கல்லில் கால் வையுங்கள், வளைந்த இடத்தில் வளையுங்கள், கல்லைக் கிடக்கிற இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள்.