மாமாவின் மட்டைகள்

தோ பாயோ லோரோங் 8ல் மாமா வீட்டுச் சாமான் அறையில், பழைய விசிறிக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே ஒரு கோல்ஃப் பை பல மாதங்களாகச் சாய்ந்து கிடந்தது. 2024 ஜூன் இறுதியில் மரினா பே கோல்ஃப் திடல் மூடப்பட்ட பிறகு மாமா அதைத் தொடவில்லை. மன்ற உறுப்பினராக இல்லாதவர்களும் 18 குழிகள் ஆட முடிந்த திடல் அது. “இனிமே எனக்கெதுக்கு? நீ எடுத்துக்கோ மாப்ளே” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பையை என் பக்கம் தள்ளினார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அலுவலக நண்பர்களுடன் குழிப்பந்து பழகத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. புதிய அயர்ன் மட்டைகள் வாங்க 1,600 வெள்ளி சேர்த்து வைத்திருந்தேன். வீவக வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய நேரத்தில் இது தேவையா என்று மனைவி கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமாவின் மட்டைகளை வாங்கிக்கொண்டால் பணம் மிச்சம். ஆனால், நாற்பது வயதான மட்டையோடு நண்பர்கள் முன் போய் நிற்க வேண்டும்.

அவை பிங் ஐ 2. 1982ல் வெளிவந்த வகை. அதற்குமுன் பரவலாக இருந்த அயர்ன்களின் பின்புறம் சப்பையாக இருக்கும். பந்து நடுவில் படாவிட்டால் மட்டைத் தலை திரும்பிவிடும், கையும் அதிரும். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், பின்புறத்தைக் குழித்து, அந்த எடையை ஓரங்களுக்குக் கொண்டுபோனார். அதனால் ஓரத்தில் பட்ட பந்தும் ஓரளவு நேராகப் போகும். இன்று கடையில் புதிதாக விற்கும் பல அயர்ன்களும் இதே யோசனையின் பேரப்பிள்ளைகள்தாம்.

கடையில் சோதிக்கக் கொடுத்த புதிய 7ஆம் எண் மட்டையையும் மாமாவின் பையையும் எடுத்துக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போனோம். மாமாவின் 7ல் நான் அடித்தது ஏறக்குறைய 120 மீட்டர். புதியதில் 135. “பாத்தீங்களா மாமா, தொழில்நுட்பம்!” என்றேன்.

மாமா சிரித்தார். “உன் ஏழை என் அஞ்சு பக்கத்துல வச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். இரண்டின் முகமும் கிட்டத்தட்ட ஒரே அளவு சாய்ந்திருந்தன. லாஃப்ட் எனப்படும் இந்தச் சாய்வு குறையக் குறைய, பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும். 1980களில் 7ஆம் எண்ணின் சாய்வு பெரும்பாலும் 35 பாகையை ஒட்டி இருந்தது. இன்று பல மட்டைகளில் அது 30 பாகை, சிலவற்றில் இன்னும் குறைவு. எண் மாறவில்லை, மட்டை மாறிவிட்டது. நான் பெருமைப்பட்ட பதினைந்து மீட்டரில் பெரும்பகுதி அந்த எண்ணின் வித்தைதான்.

ஆனால் முழுவதும் வித்தை இல்லை. மாமாவின் 5ல் பத்துக்கு மூன்று பந்துதான் ஒழுங்காக எழுந்தது. புதிய 7ல் ஆறு எழுந்தது. எடை இன்னும் கீழே இறங்கியிருப்பதால், சாய்வு குறைந்தாலும் பந்து மேலே போகிறது. இலேசான கிராஃபைட் தண்டும் வீச்சுக்குக் கை கொடுக்கிறது.

“நீங்களும் அடிங்க மாமா” என்றேன். தம்முடைய 7ஐ எடுத்தார். பந்து புல்லை உரசிக்கொண்டு ஓடியது. மீண்டும் அதேதான். எழுபது வயதுத் தோளுக்கு அந்த எஃகுத் தண்டு கனமாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரினா பே மூடியதால் மட்டும் அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. வெளியே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

புதிய மட்டையை அவர் கையில் கொடுத்தேன். மூன்றாவது பந்து உயர எழுந்து, விளக்குக் கம்பத்தைத் தாண்டி விழுந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. இன்னொரு பந்தை எடுத்து வைத்தார்.

அன்று கணக்கு தலைகீழானது. சென்ற ஆண்டு வகையில், கிராஃபைட் தண்டு உள்ள ஆறு மட்டைகளைத் தள்ளுபடியில் 900 வெள்ளிக்கு வாங்கி மாமாவுக்குக் கொடுத்தேன். கல்லாகிப்போன ரப்பர் கைப்பிடிகளை மாற்றி, பழைய பிங்கை நான் வைத்துக்கொண்டேன். முப்பது வயதுக் கைக்கு அந்த எஃகு பாரமில்லை. மீதிப் பணம் வீட்டுக்கணக்கில் சேர்ந்தது.

மட்டை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள், பாகையை ஒப்பிடுங்கள். பிட்சிங் வெட்ஜின் சாய்வையும் கேளுங்கள். அது 44 பாகையாக இருந்தால், 56 பாகை சேண்ட் வெட்ஜுக்கு இடையில் பெரிய இடைவெளி விழும். அதை நிரப்ப இன்னொரு மட்டைக்குச் செலவாகும். பழையதா புதியதா என்பதைவிட, அடிக்கப்போகும் தோள் எது என்பதே முக்கியம்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் மாமாவே எனக்கு முன் புறப்பட்டுக் கீழ்த்தளத்தில் காத்திருக்கிறார். “என்னோட ஏழு இவனோட ஏழுகூடப் போட்டி போடுது” என்று அத்தையிடம் பெருமையடிக்கிறார். சாய்வுக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அதை நான் நினைவூட்டுவதில்லை.