கொல்லிமலையும் ஆட்டோமேட்டிக் காரும்

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்து, "சார், நீங்க ஆட்டோமேட்டிக் கார்தானே ஓட்டறீங்க, மலைக்கெல்லாம் தாங்குமா?" என்று கேட்டார். தாங்கும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முழுப் பதில் சொல்வதென்றால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை இதுவரை என் மகனிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே எழுதினால் அவனும் படிப்பான். படிக்கட்டும்.

ஆசிரியர் பயிற்சி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் கொல்லிமலை மேலே. அடிவாரம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினால் வெள்ளிக்கிழமை இறங்குவேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இடம் எனக்கு. அந்த வழியில் ஓட்டிய டிரைவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ஏறின கியரிலேயே இறங்கணும். பின்னாளில் மாருதி 800 வாங்கிக் குடும்பத்தோடு ஏறி இறங்கியபோதும் அப்படித்தான் ஓட்டினேன்.

முழங்கால் வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனது. மகன் தன்னுடைய 6 கியர் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் காரை எனக்குக் கொடுத்தான். "டி-யில போட்டுட்டு உக்காருங்கப்பா, மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றான். நானும் உட்கார்ந்தேன்.

மனைவியையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு அறப்பளீஸ்வரர் கோவிலுக்குப் போனோம். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதும் டி-யிலேயே விட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மேல் கியருக்குப் போய், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக், பிரேக், பிரேக். பாதி மலை இறங்கியிருப்போம். "ஏனுங்க, ஏதோ தீயற வாசம் வருது" என்றாள் மனைவி. முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்றேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் மிதி உள்ளே உள்ளே போகிறது. வண்டி நின்றது. நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. தடுப்புச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினோம். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று மனைவி கேட்டாள். கூடாது, சூடான தட்டு கோணிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பழைய பஸ் டிரைவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். லீவரைக் கைமுறைப் பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் வைத்து இறங்கினேன். பிரேக்குக்கு வேலையே குறைந்துபோனது.

மறுநாள் நாமக்கல்லில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் என் மாணவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்தாம் வகுப்பில் கணக்குக்காக என்னிடம் அடி வாங்கியவன். இப்போது அவன் வாத்தியார், நான் பையன்.

"சார், டார்க் கன்வெர்ட்டர்னா ரெண்டு ஃபேன்" என்று ஆரம்பித்தான். எதிரெதிரே இரண்டு மேசை ஃபேன்களை வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றிலேயே மற்றதும் சுற்றும். ஆனால் கொஞ்சம் மெதுவாக. காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒரு ஃபேன் என்ஜின் பக்கம், இன்னொன்று கியர் பக்கம். இதனால்தான் சிக்னலில் டி-யில் நின்றாலும் என்ஜின் அணைவதில்லை. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் என்ற சிறு சக்கரம் எண்ணெயைத் திருப்பி அடிக்கும். அதனால் புறப்படும்போது இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும். இந்தத் தத்துவத்துக்கு 1905-ல் காப்புரிமை வாங்கிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் மனதில் வைத்திருந்தது காரை அல்ல, கப்பலை. அதைப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் வழுக்கும் ஒவ்வொரு சுற்றும் எண்ணெயில் சூடாக மாறும், பெட்ரோலும் வீண். அதற்காக உள்ளே ஒரு கிளட்ச் வைத்து, வேகம் சீரானதும் இரண்டு ஃபேன்களையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். அதுதான் லாக்கப். 1949-லேயே அமெரிக்காவில் பேக்கார்ட் கார்களில் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் மிதியை அசைக்காமல் போகும்போது கியர் மாறாமலே ஆர்.பி.எம். முள் கொஞ்சம் இறங்குமே, அதுதான் பூட்டு விழும் நேரம். பல நாள் அதைக் கூடுதலாக ஒரு கியர் என்றே நினைத்திருந்தேன்.

புறப்படும்போதும் ஊர்ந்து போகும்போதும் பூட்டு கூடாது; கிளட்ச் மிதிக்காமல் வண்டியை நிறுத்தினால் என்ஜின் என்ன ஆகும், அதே கதைதான். சீரான வேகத்தில் பூட்டு வேண்டும். மலையில்தான் சிக்கல். ஏற்றத்தில் மேல் கியரில் முக்கிக்கொண்டு போனால் பூட்டு கழன்று வழுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கொதிக்கும். ஒரு கியர் குறைத்தால் என்ஜின் சத்தம் கூடினாலும் பூட்டு பிடிக்க வாய்ப்புண்டு. இறக்கத்தில் பூட்டும் கழன்று, கியரும் மேலே போய்விட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து இழுப்பது குறைந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். என் காரில் லாக்கப்புக்கென்று தனி பொத்தான் கிடையாது. கியரைப் பிடித்து வைப்பது மட்டும்தான் நம் கையில்.

"இன்னொண்ணு சார், ஏத்தத்துல டிராபிக்ல நின்னா ஆக்சிலரேட்டர்லயே வண்டியப் புடிச்சு நிறுத்தாதீங்க. ஒரு ஃபேன் சுத்துது, ஒண்ணு நிக்குது. அத்தனையும் சூடுதான். பிரேக்க மிதிங்க" என்றான். அந்தத் தப்பையும் நான் செய்துகொண்டுதான் இருந்தேன். சொல்லவில்லை.

பிரேக் பேட், பிரேக் ஆயில் மாற்றினோம். கூலி வாங்க மாட்டேன் என்றான், சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன். போன் செய்த மாணவருக்கு ஒரு குறிப்பு: ஏ.எம்.டி. என்று விற்பதும் ஆட்டோமேட்டிக்தான், ஆனால் அதில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. வாங்குமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கியர் குறைப்பது எல்லாவற்றுக்கும் பொது.

இந்த ஆடியில் மறுபடியும் போய் வந்தோம். மனைவி வருவதற்கு யோசித்தாள், ஆனாலும் வந்தாள். இறங்கும்போது முதல் வளைவிலிருந்தே இரண்டாம் கியர். பேத்தி வளைவுப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். மனைவி வாய் திறக்கவில்லை, கண்ணாடியை மட்டும் பாதி இறக்கி வைத்திருந்தாள். காரவள்ளி வந்ததும் மெல்ல ஏற்றினாள். "வாசம் ஒண்ணும் வரலீங்க" என்றாள்.