கையெழுத்துக்கு முன் பார்க்கவேண்டிய கணக்கு

சாலை விபத்தில் காயமடைந்தவரின் இழப்பீட்டுக் கோரிக்கையைப் பேசி முடிக்க, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி காப்பீட்டு நிறுவனம் ஓர் அலுவலரை நியமிக்கிறது. அவர் 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு சமரசத் தொகையை முன்வைக்கலாம். அதை ஏற்றால் கோரிக்கை அத்துடன் முடிந்துவிடும். மறுத்தால் தீர்ப்பாயமே விசாரித்துத் தொகையை முடிவுசெய்யும் என்பதால், மறுப்பவர் இழப்பீட்டு உரிமையை இழந்துவிடுவதில்லை.

அலுவலர் கனிவாகப் பேசினாலும் அவர் நிறுவனத்தின் ஊழியரே. பேரம் பெரும்பாலும் ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தைச் சுற்றியே நடக்கிறது. அந்தச் சதவீதம் உடலின் இழப்பைக் காட்டுகிறதே தவிர, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதைக் காட்டுவதில்லை. இவ்விரண்டையும் குழப்பக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு விபத்து வழக்கில் தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்தவரின் ஊனம் ஏறத்தாழ 60 சதவீதம் எனக் கணிக்கப்பட்டாலும், அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு 100 சதவீதத்தை எட்டக்கூடும் என்றும், அரசு எழுத்தராக இருந்தால் வேலை பறிபோகாமலும் இருக்கலாம் என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச்சொல்லாமல் கையெழுத்து வாங்குவது பெருங்கொடுமை.

எலும்பில் பொருத்திய தகட்டைப் பின்னர் அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கும், உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் ஆகும் செலவு மருத்துவமனை ரசீதுகளில் இராது. மருத்துவரிடம் அதற்கான மதிப்பீட்டை எழுத்தில் பெற்ற பிறகே தொகையைப் பற்றிப் பேச உட்கார வேண்டும்.