மருந்தாளுநரின் துணை

நீரிழிவு பெரும்பாலும் வலியின்றியே கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நோய். வலி இல்லாமையால், மாத்திரையை இடையிடையே விட்டுவிடுவோர் பலர். என் தந்தையாரும் அத்தகையவரே. அதனை முதலில் உணர்ந்தவர் எங்கள் தெரு மருந்துக்கடையின் மருந்தாளுநர். 30 நாளுக்கு வாங்கிய மாத்திரை 50 நாள் வந்ததைக் கண்டு, "உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, ஐயா?" என்று பரிவுடன் வினவினார். வயிற்றுப் புரட்டலே காரணம் என்றார் தந்தையார். "மெட்பார்மினை உணவோடு உண்ணுங்கள், தொல்லை நீங்காவிடில் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றார் அவர். புரட்டல் தணிந்தது; அதன்பின் மாத்திரையும் தவறவில்லை. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள், நோயாளிக்கு அருகிருந்து துணைசெய்வோனையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். மருந்தை எடுத்துக் கொடுப்பது வாணிகம். அது முறையாக உட்கொள்ளப்படுகிறதா என்று கேட்டறிவது தொண்டு.