இரு துறைமுகங்கள்

திருபுவனையிலிருந்து வில்லியனூர் வழியாகச் செல்லும் சாலை புதுவை நகரை அடைகிறது. அங்கு முதன்முறையாகக் கடலைக் காணும் சிற்றூர் மாணவர், அலைகளையும் பழைய கலங்கரை விளக்கத்தையும் கண்டு மகிழ்வர். ஆயினும், அக்கரை மக்களின் கண்ணீரையும் கண்ட கரையாகும். அங்கிருந்து கப்பலேறியவர் பலர் சென்று இறங்கிய துறைமுகம் சேன் பியேர்.

கரிபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில், பெலே மலையின் அடிவாரத்தில் அந்நகர் அமைந்துள்ளது. பிரெஞ்சுக்காரர் 1635-இல் அதனை நிறுவினர். சருக்கரை வாணிகத்தால் செழித்த அதனைக் 'கரிபியன் கடலின் பாரிஸ்' என்று புகழ்ந்தனர். அச்செல்வத்தை ஈட்டித் தந்தவர் ஆப்பிரிக்க அடிமைகளே. 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றோர் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கினர். தோட்ட முதலாளிகள் கூலியாட்களைத் தேடித் தமிழர் நாட்டை நோக்கினர்.

1853-ஆம் ஆண்டு மே மாதம் 'ஒரேலி' என்னும் கப்பல் தமிழரை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக்கை அடைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் அத்தீவுக்குச் சென்றனர். புதுவையில் கப்பல்கள் கரையை அணுக இயலாது. ஆதலால், மக்கள் சலங்குகளில் ஏறி அலைகளைக் கடந்து கப்பலை அடைந்தனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்ற பயணம் ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கே, எனினும், பலர் ஊர் திரும்பவில்லை. நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டோர் பலர்.

1902 மே 8-ஆம் நாள் காலை பெலே எரிமலை வெடித்தது. அனல் முகில் சில நிமிடங்களில் சேன் பியேரை அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மடிந்தனர். அடர்ந்த சுவர்கள் கொண்ட சிறையறையில் அடைபட்டிருந்த கைதி ஒருவர் உயிர் பிழைத்தார். நாடக அரங்கின் படிக்கட்டுகளையும் அச்சிறையறையையும் இன்றும் அங்குச் செல்வோர் காணலாம்.

மாளிகைகள் மறைந்தன, கூலிகளாய்ச் சென்றோர் கொண்டுசென்றவை மறையவில்லை. அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் தமிழ்ப் பேச்சை இழந்துவிட்டனர். ஆயினும், தமிழ்ப் பெயர்கள் அவர்களிடையே வழங்குகின்றன. மாரியம்மன் வழிபாடும் நிலைத்திருக்கிறது. கொத்தமல்லி, மஞ்சள், சீரகம் சேர்த்துச் சமைக்கும் 'கொலம்போ' என்னும் குழம்பு அத்தீவினர் அனைவர்க்கும் உரிய உணவாகிவிட்டது.

புதுவைக் கரையில் நிற்கும் மாணவர் கட்டடங்களைக் கண்டதோடு அமையலாகாது. அவ்விடத்தில் ஊரை இறுதியாகத் திரும்பிப் பார்த்துச் சென்றவரையும் நினைத்தல் வேண்டும். அவர்கள் நம் சிற்றூர்களைப் போன்ற ஊர்களில் வாழ்ந்த உழவரும் உழைப்பாளருமே ஆவர்.