ஹவுராவில் ஏழாம் மாதம்



நம்முடைய தமிழகத்தில் ஐப்பசி என்றால் அடைமழை. வங்காளத்திலோ அது மழை விடைபெற்றுப் போகிற காலம். புரட்டாசிக் கடைசியிலேயே வானம் கழுவித் துடைத்த பாத்திரம்போலத் தெளிந்துவிடும். இரயில் பாதையின் இருபுறமும் நாணல் வெண்மையாய்ப் பூத்து அசையும். விடியற்காலையில் பவளமல்லி உதிர்ந்து வாசலை நிறைக்கும். வேலைக்காகப் பிழைக்க வந்து, ஷிப்பூரிலோ சாந்த்ராகாச்சியிலோ வாடகை வீட்டில் சிறு பிள்ளைகளோடு குடியிருக்கும் தமிழ் விசுவாசக் குடும்பத்துக்கு, ஆண்டிலேயே அழகான மாதமும் இதுதான். ஆண்டிலேயே கடினமான மாதமும் இதுதான்.

ஏன் கடினம் என்பதை ஹவுராவில் வசிப்பவர்கள் அறிவீர்கள். தெருவுக்கு ஒரு பந்தல் எழும்புகிறது. விளக்கு, மேளம், புத்தாடை, பள்ளிக்கு நீண்ட விடுமுறை. கொல்கத்தாவின் துர்கா பூஜை 2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை புதுச் சட்டையோடு வந்து உங்கள் மகனைக் கூப்பிடுகிறான். நாம் விக்கிரக ஆராதனையில் பங்குபெறுகிறவர்கள் அல்லர் என்பதில் இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் பிள்ளை தன் வீட்டில் கேட்பது "போகாதே, பார்க்காதே, வாங்காதே" என்ற வார்த்தைகள் மட்டுமாயிருந்தால், விசுவாசம் என்பது கதவைச் சாத்துவது என்றே அவன் எண்ணிக்கொண்டு வளருவான். வேதம் இந்த மாதங்களுக்கென்று ஒரு மகிழ்ச்சியை வைத்திருக்கிறதா என்று நாம் தேட வேண்டாமா?

வைத்திருக்கிறது. இஸ்ரவேலரின் ஏழாம் மாதம் நம்முடைய செப்டம்பர், அக்டோபருக்குச் சரியாக வருவது. எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப்பண்டிகை எல்லாம் அந்த ஒரே மாதத்தில். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் ஏழாம் மாதம் முதல் தேதியில் தண்ணீர்வாசல் வீதியில் கூடி நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுதபோது, அழவேண்டாம், நல்லதைச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆயத்தம்பண்ணாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது (நெகேமியா 8). கூடாரப்பண்டிகையில் யார் யார் சந்தோஷப்படவேண்டும் என்று உபாகமம் 16:14 ஒரு பட்டியலே தருகிறது. வீட்டுக்காரன், மகன், மகள் என்பதோடு அது நின்றுவிடவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் அதில் உண்டு. லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். லேவியராகமம் 23 முழுவதும் பண்டிகைகளின் அட்டவணை. அதில் பெந்தெகொஸ்தே முடிந்து எக்காளப் பண்டிகை தொடங்குவதற்கு நடுவே, வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற கட்டளை திடீரென்று வந்து நிற்கிறது. பெந்தெகொஸ்தே என்ற பெயரையே தரித்திருக்கிற நாம் அந்த வசனத்தை எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்?

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஹவுராவின் இலையுதிர் காலத்துக்குள் நடந்து பார்ப்போம்.

முதலாவது வேலைக்காரி. வங்காளத்தில் தொழிலாளருக்குப் போனஸ் கிடைப்பது பூஜைக்கு முன்புதான். 1965ஆம் ஆண்டின் சட்டம் வைத்த குறைந்த அளவு சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே அக்டோபரில் உங்கள் கையில் பணம் வருகிறது. அதில் தசமபாகத்தைப் பிரித்து வைக்கிறீர்கள், நல்லது. ஆனால் விடியற்காலை புறநகர் இரயிலில் வந்து உங்கள் பாத்திரங்களைத் துலக்கும் மாஷிக்கு எந்த ஆலையும் போனஸ் தருவதில்லை. அவளுக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பூஜை போனஸாகக் கொடுப்பது இவ்வூர் வழக்கம். "நாங்கள் அந்தப் பண்டிகை கொண்டாடுவதில்லை, கிறிஸ்துமஸுக்குத் தருகிறோம்" என்று சொல்லும் குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. அதில் பக்தி தெரிவதாக அவர்கள் நினைக்கலாம். எனக்கு அதில் சிக்கனமே தெரிகிறது. ஆண்டு முழுதும் அவள் செய்த வேலையின் கூலியில் ஒரு பகுதி அது. அவள் பிள்ளைகளுக்குச் சட்டை வேண்டியது அக்டோபரில். கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொன்ன வேதம், இரண்டு மாதம் தள்ளிப்போட நமக்கு எங்கே அனுமதி தந்தது? அவளுக்குரியதை அக்டோபரிலேயே கொடுங்கள். டிசம்பரில் கேக்கும் ஒரு சேலையும் கொடுத்தால் அது உங்கள் அன்பின் ஈவு. இரண்டும் வெவ்வேறு கணக்கு.

அடுத்தது சந்தா. தெரு கிளப்பிலிருந்து இரசீதுப் புத்தகத்தோடு இளைஞர்கள் வருவார்கள். வந்த புதிதில் நம் சகோதரர்கள் பலர் கதவைத் திறப்பதில்லை. வேறு சிலர் பயந்துகொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு மனச்சாட்சியில் குத்துண்டு போகிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. இதே கிளப்கள்தான் இரத்ததான முகாம் நடத்துகின்றன. குளிர்காலத்தில் ஏழைகளுக்குக் கம்பளி வழங்குகின்றன. "தம்பி, பூஜைக்கு என்னால் கொடுக்க இயலாது, என் விசுவாசம் அப்படி. கம்பளிக்கு வாருங்கள், மற்றவர்களைவிட அதிகமாகத் தருகிறேன்" என்று உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துச் சொல்லுங்கள். சொன்னபடி டிசம்பரில் நீங்களே தேடிப்போய்க் கொடுங்கள். முகம் கோணுகிறவர்களும் இருப்பார்கள்தான். ஆனாலும் இரண்டாம் ஆண்டு அவர்கள் உங்கள் வீட்டுக்கு வேறு முகத்தோடு வருவார்கள். பிரசாதத்தைப்பற்றி வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். அதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களைக் குடும்பமாக வாசித்தாலே போதும்.

புத்தாடைக்கு ஹவுரா மைதானத்தின் அருகே மங்களா ஹாட் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைச் சந்தையானதால் அந்தப் பெயர். ஆயத்த ஆடைகளின் மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன பழைய சந்தை அது. 2023 ஜூலையில் நள்ளிரவில் தீப்பற்றி அங்கே ஏராளமான கடைகள் சாம்பலாயின. பூஜை வியாபாரத்துக்குச் சில வாரங்களே இருந்த சமயம். அங்கே போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனக்கு வாங்கும் அதே துணியில், அதே விலையில், இன்னொரு பிள்ளைக்கு உங்கள் மகளே ஒரு சட்டையைத் தெரிந்தெடுக்கட்டும். வீட்டில் கிழிந்ததும் சாயம்போனதுமான துணிகளை மூட்டைகட்டிக் "காணிக்கை" என்று கொண்டுவரும் பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. பழுதுள்ள ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களை மல்கியா என்ன கேட்டார் என்று உங்களுக்கே தெரியும்.

விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது? ஷிப்பூரில் ஹூக்ளி நதிக்கரையில் 1787ல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்குள்ள பெரிய ஆலமரம் 250 வயதைக் கடந்தது. புயல்களில் அடிபட்டுப் பூஞ்சை பிடித்ததால் 1925ல் அதன் நடுமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆயினும் 3,000க்கும் மேற்பட்ட விழுதுகளின்மேல் மரம் நின்றுகொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தோப்பு என்றே தோன்றும். ஊரைவிட்டு வந்த நமக்கு அதன்கீழ் உட்காருவது இதமாயிருக்கும். இன்னொரு தொடர்பும் உண்டு. அந்தப் பூங்காவின் கண்காணிப்பாளராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், மிஷனரி வில்லியம் கேரியின் நண்பர். அவர் தொகுத்த தாவரப் பட்டியலை 1814ல் செராம்பூர் அச்சகத்தில் பதிப்பித்தவர் கேரியே. வேதத்தை மொழிபெயர்த்த கை செடிகளையும் நேசித்தது. நவம்பர் முடிவில் சாந்த்ராகாச்சி ஏரிக்குப் போனால், ஆகாயத்தாமரைத் திட்டுகளின்மேல் சீழ்க்கையொலி எழுப்பும் சிறு வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியிருக்கும். இரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருப்பதால் செலவும் அதிகமில்லை.

கொல்கத்தாவை ஆனந்த நகரம் என்று உலகம் அழைக்கிறதே, அந்தப் பெயரைப் பரப்பிய நாவலின் களம் கொல்கத்தா அல்ல; ஹவுராவின் பில்கானா சேரிதான். டொமினிக் லேப்பியர் 1985ல் அந்நூலை வெளியிட்டுத் தம் வருமானத்தில் பாதியை இங்குள்ள ஏழைகளுக்கே கொடுத்தார். ஆற்றுக்கு அக்கரையில் நம்முடைய பெந்தெகொஸ்தே வரலாறும் ஒன்று இருக்கிறது. 1954ல் மார்க் பன்டெய்ன் என்னும் கனடா நாட்டு ஊழியக்காரர் மனைவி ஹல்டாவோடும் கைக்குழந்தையோடும் கொல்கத்தாவுக்கு வந்தார். சுவிசேஷம் சொல்ல வந்தவரிடம், முதலில் எங்கள் வயிற்றுக்கு வழி செய்யும், பிறகு பரலோகத்தில் அன்புள்ள தேவன் இருப்பதைச் சொல்லும் என்ற பொருளில் பசித்த ஒருவன் கேட்டதாகச் சொல்வார்கள். அங்கே உணவளிப்பு தொடங்கியது, பள்ளி வந்தது, 1977ல் மருத்துவமனையும் வந்தது. அவரும் ஓர் இளங்குடும்பத் தலைவராக, அந்நிய பாஷை புரியாத தெருவில், கைக்குழந்தையோடு ஆரம்பித்தவர் என்பதை மறவாதிருங்கள்.

"எங்கள் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பவே போதவில்லை, ஐயா" என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மையே. பெற்றோருக்கு அனுப்புவதைக் குறைத்துத் தர்மம் செய்யும்படி நான் சொல்லமாட்டேன். கொர்பான் என்று சொல்லித் தகப்பனைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். ஆனால் பிடியரிசி நம்முடைய பாட்டிமார் அறிந்த வழி. மிசோரம் சபைகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு வேளை சமையலிலும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அந்தச் சபைகளின் ஊழியங்களை அது தாங்குகிறது. அக்டோபர் முதல் தேதியில் ஒரு டின்னை அடுப்பங்கரையில் வையுங்கள். ஒரு பிடி ஐம்பது கிராம் என்றாலும், நாளுக்கு இரு பிடி வீதம் டிசம்பர் 24க்குள் 85 நாளில் எட்டரைக் கிலோ சேரும். போடுவது பிள்ளையின் கையாக இருக்கட்டும்.

அந்த அரிசி யாருக்கு? பட்டியலில் விதவையும் திக்கற்ற பிள்ளையும் மீதியிருக்கிறார்கள். நாம் ஊருக்குப் போகும் கோரமண்டல் விரைவு வண்டி இப்போது ஹவுராவின் ஷாலிமாரிலிருந்து புறப்படுகிறது. 2023 ஜூன் 2 அன்று அது ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் விபத்துக்குள்ளானபோது 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெற்கே கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போய்க்கொண்டிருந்த வங்காளத் தொழிலாளிகள் அவர்களில் பலர். நாம் பிழைக்க வடக்கே வந்த அதே தண்டவாளத்தில், அவர்கள் பிழைக்க நம்முடைய ஊருக்குப் போகிறார்கள். நாம் இங்கே பரதேசிகள், அவர்கள் அங்கே. தமிழகத்திலிருந்து இதை வாசிக்கும் சபையாரே, உங்கள் தெருவில் கட்டட வேலை செய்யும் வங்காளப் பையன்களுக்கு இந்தக் கிறிஸ்துமஸில் ஒரு பங்கு அனுப்புவீர்களா? ஹவுராவில் இருப்பவர்கள், வீட்டுத் தலைவன் இல்லாத ஒரு குடும்பத்தை உங்கள் மாஷியிடமே கேட்டு அறியலாம். அவளுக்குத் தெரியாத கஷ்டம் அந்த வட்டாரத்தில் இராது.

பயண ஆயத்தமும் அக்டோபரில்தான். 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 22 அன்று புறப்பட அக்டோபர் 23 காலையிலேயே விழித்திருக்கவேண்டும். இடம் கிடைக்காதவர்கள் துக்கப்படவேண்டாம். கிறிஸ்துமஸை வங்காளிகள் "பொரோ தின்", பெரிய நாள் என்கிறார்கள். பார்க் தெருவில் விளக்கு, நியூ மார்க்கெட்டில், 1902ல் தொடங்கப்பட்ட நாகூம் என்ற யூதரின் கடையில் கேக்குக்கு நீண்ட வரிசை. எனக்கென்னவோ வீட்டில் சுடும் அதிரசமே மேல். டிசம்பரில் வரும் ஈச்ச வெல்லம் நெல்லைச் சீமைக் கருப்பட்டிக்கு அண்ணன் தம்பி உறவு. பாகு சற்று முந்தியே பதத்துக்கு வந்துவிடும், சகோதரிகள் கவனமாயிருங்கள். தனியாய் அறையெடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் வாலிபர்களை அன்று மதியச் சாப்பாட்டுக்கு அழையுங்கள்.

மறுநாள் பிள்ளைகளை ஹவுரா நிலையத்திலிருந்து லோக்கல் வண்டியில் செராம்பூருக்குக் கூட்டிப்போங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. தோள்பட்டை விலகி மிஷன் வைத்தியரிடம் வந்த தச்சன் கிருஷ்ண பால், 1800 டிசம்பர் 28ல் இந்த ஹூக்ளி நதியில்தான் முழுகி ஞானஸ்நானம் பெற்றார். கல்லூரியில் கேரியின் நூலகம் இருக்கிறது. 1905 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளிலேயே, இந்தியக் கிறிஸ்தவர்கள் அந்த நூலகத்தில் கூடி, அந்நியர் பணத்தை எதிர்பாராமல் நம் காணிக்கையாலேயே ஊழியம் நடத்த தேசிய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, அப்போது அவருக்கு வயது 31. பின்னாளில் பேராயரான அவர் கிறிஸ்தவக் கொடுத்தலைப்பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த அறையைக் காட்டும்போது இதைத் தமிழிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புறப்படுமுன் நூலகம் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கக்கூடும். வழியில் தின்னக் கமலா ஆரஞ்சு வாங்கினால், எதிர் இருக்கைக்காரருக்கும் சேர்த்து வாங்குங்கள்.