ஒரு கன்டெய்னர் காப்பிக்கு எத்தனை விவசாயி?

"இடைத்தரகரை ஒழி, ஏற்றுமதி செய், விவசாயி பிழைப்பான்." மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பி.காம். படிக்கிறவன் எதையும் கணக்குப் போட்டுத்தானே நம்பணும்? போட்டுப் பார்த்தேன்.

எங்கள் சேவுகம்பட்டிக்குப் பக்கத்து ஊர் பட்டிவீரன்பட்டி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைக் காப்பி தொலி நீக்கித் தரம் பிரிக்க அங்கேதான் இறங்கும். மலையில் பெரிய எஸ்டேட்டும் உண்டு, ஆரஞ்சு, மிளகு, மலைவாழைக்கு நடுவே ரெண்டு ஏக்கரில் காப்பி வைத்திருக்கிறவர்களும் உண்டு. நான் பேசுவது இந்த ரெண்டு ஏக்கர்காரரைப் பற்றி.

அராபிகா ஹெக்டேருக்கு 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு ஏக்கருக்கு 320 கிலோ. கப்பலில் போகிற 20 அடி கன்டெய்னரோ 60 கிலோ மூட்டை 320 பிடிக்கும், அதாவது 19,200 கிலோ. ஆக, ஒரே ஒரு கன்டெய்னர் நிரம்ப 60 விவசாயிகள் சேரணும். அதுவும் எல்லார் காப்பியும் ஒரே தரத்தில்! நம் ஊரில் 60 பேர் ஒன்றாகச் சேர்வது தை மாதம் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடும்போதுதான் :-)

சரி, சேர்ந்துவிட்டார்கள். என்ன கிடைக்கும்? 1988-ல் நெதர்லாந்தில் மெக்சிகோ விவசாயிகளின் காப்பியோடு ஆரம்பித்தது 'நியாய வணிக' முத்திரை. இன்று ஃபேர்ட்ரேட் என்கிறார்கள். அராபிகாவுக்கு அவர்கள் வைத்த குறைந்தபட்ச விலை, 2023 ஆகஸ்டிலிருந்து பவுண்டுக்கு 1.80 டாலர். அதற்கு மேல் 20 சென்ட் சங்கத்தின் பொது நிதிக்கு. 2001-ல் உலக விலை 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்ததே, அந்த மாதிரி வருடத்தில் இது உயிர்காக்கும். ஆனால் 2025 பிப்ரவரியில் விலை 4 டாலரைத் தாண்டியது. அப்போது எந்த விவசாயி முத்திரையைத் தேடுவார்?

மலையில் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்கார மாமா ஒருவரிடம் கேட்டேன். "பழம் பறிக்க ஆளுக்குக் கூலி அன்னன்னைக்கே குடுக்கணும் மாப்ள. வியாபாரி முன்பணம் தர்றான். உன் வெள்ளைக்காரன் தருவானா?" என்றார். உண்மையில் ஃபேர்ட்ரேட் விதியில் அதற்கு வழி இருக்கிறது. சங்கம் கேட்டால் வாங்குபவர் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்கூட்டித் தரணும். வியாபாரியைத் திட்டுகிறவர்கள் அவர் செய்கிற இந்த வேலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதைச் செய்ய ஆள் இல்லாமல் அவரை ஒழித்தால், நடுவில் மாட்டுவது மாமாதான்.

இப்போது இன்னொன்று. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்று 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. அமலாகும் தேதியைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், ஆனால் சட்டம் போகவில்லை. ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடமும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு வேண்டும். நாலு ஹெக்டேருக்குள் என்றால் ஒரு புள்ளி போதும் என்பது சின்ன ஆறுதல். நிலம் சட்டப்படி அனுபவிக்கப்படுவதாகவும் காட்டணும். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கிற குடும்பம் எத்தனை! காடு காக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் நிழல் மரத்துக்கு அடியில் தலைமுறையாகக் காப்பி வளர்த்தவர், தான் காட்டை அழிக்கவில்லை என்று காகிதத்தில் நிரூபிக்கணும். எஸ்டேட்டுக்கு ஆபீஸ் இருக்கிறது, இவருக்கு?

முடியாத காரியமும் இல்லை. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். நாந்தி அறக்கட்டளை துணை நின்றது. 2017-ல் பாரிஸிலேயே அரக்கு காப்பிக்கடை திறந்தது. அங்கே கடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பின்னால் இருக்கும் கணக்கு வழக்கு. குழுவாக இயற்கைச் சான்றிதழ் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தோட்டப் பதிவேடு, உள் ஆய்வு, கொள்முதல் ரசீது எல்லாம் வேண்டும். ஒருவர் மருந்து அடித்தாலும் மொத்த மூட்டைக்கும் ஆபத்து.

இதெல்லாம் எங்கள் லெட்ஜர், வவுச்சர் பாடம்தான். பி.காம். முடித்து சென்னைக்கு பஸ் ஏறுகிற எங்களில் ரெண்டு பேர் மலை ஏறினால் போதும். சம்பளம்? ஒரு கன்டெய்னருக்கு அந்த 20 சென்ட் சேர்ந்தால் சுமார் 8,460 டாலர். அதில் கணக்கருக்கும் சான்றிதழ் கட்டணத்துக்கும் எடுத்துவிட்டால் 60 பேருக்கு மிஞ்சுவது சொற்பம். மூன்று நாலு கன்டெய்னர், அதாவது 200 பேராவது சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

மாமாவிடம் இந்த 200-ஐச் சொன்னேன். "மொதல்ல பட்டா மாத்தணும்" என்றார்.